பழைய வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிக் கிளைடரைச் சீரமைத்தல்

பழைய மாதிரிக் கிளைடர் சீரமைப்பு என்பது, பல ஆண்டுகள் பறக்காமல் கிடந்த வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிக் கிளைடரை ஆய்ந்து, பழுது நீக்கி, சமநிலைப்படுத்தி, மீண்டும் பாதுகாப்பாகப் பறக்கச் செய்யும் வேலையாகும். கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத வானூர்தி. தமிழில் மிதவை வானூர்தி என்றும் வழங்கப்படும். பரணிலோ பள்ளி அலமாரியின் மேலோ 20, 30 ஆண்டுகள் கிடந்த மாதிரி பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதன் பசை, மின்கம்பி, மின்கலம் ஆகியவை மரத்தைவிட விரைவில் முதுமை அடைகின்றன. பழுது நீக்கும்போது கூடும் எடையும் அதனால் மாறும் சமநிலையும் முதல் பறத்தலிலேயே மாதிரியை உடைத்துவிடக் கூடும். எனவே சீரமைப்பின் அடிப்படை விதி ஒன்றுதான்: பழைய வலிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பழைய எடைக்கும் பழைய சமநிலைக்கும் மேல் போகக் கூடாது.

வரலாறு

பறத்தலின் அடிப்படை அறிவு மாதிரிக் கிளைடரிலிருந்தே தொடங்கியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி 1804 இல் ஒரு சிறு மாதிரியைச் செய்தார். ஒரு கோலின் மேல் பட்டத்தை இறக்கையாகப் பொருத்தி, பின்னால் அசைக்கக்கூடிய வாலை அமைத்தார். ஈர்ப்பு மையத்தை மாற்றுவதற்கு நகர்த்தக்கூடிய எடை ஒன்றையும் வைத்தார். இறக்கை, வால், நகரும் எடை ஆகிய இந்த மூன்றையும் சரிப்படுத்துவதே இன்றும் சீரமைப்பாளரின் வேலை.

வானொலி வழியாக மாதிரி வானூர்திகளை இயக்கும் முயற்சி 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வெற்றி பெற்றது. வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்களின் 'கஃப்' என்ற மாதிரி 1937 இல் பறந்தது. அக்காலக் கருவிகளில் சுக்கானை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பவோ, நேராக்கவோ மட்டுமே முடிந்தது. கை அசைவின் அளவுக்கு ஏற்பச் சுக்கானும் அசையும் விகிதமுறைக் கருவிகள் 1960களில் பரவின. அதன் பின்னரே வானொலிக் கிளைடர் பொழுதுபோக்காக வளர்ந்தது. அக்காலத்திலும் அடுத்த 20 ஆண்டுகளிலும் புகழ்பெற்றவற்றுள் ஜெர்மனியின் கிராப்னர் நிறுவனத்தின் 'அமிகோ', டேவ் தார்ன்பர்க் வடிவமைத்த சுமார் 3 மீட்டர் அகல 'பேர்ட் ஆஃப் டைம்', கார்ல் கோல்ட்பர்க் நிறுவனத்தின் சுமார் 2 மீட்டர் அகல 'ஜென்டில் லேடி' ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

இந்தியாவில் முழு அளவுக் கிளைடர்களையே மரத்தால் கட்டிய காலம் ஒன்று உண்டு. குடிசார் வானூர்தித் துறையின் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள் சூட்டப்பட்டன. 1958 இல் அசுவினி, 1961 இல் ரோகிணி, 1963 இல் கார்த்திக் ஆகியவை முதலில் பறந்தன. பரணி, மிருகசீர், ஆர்த்ரா ஆகியவையும் அதே வரிசையைச் சேர்ந்தவை. மாதிரி வானூர்திக் கலையைப் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் கொண்டுசென்றதில் தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் ஆண்டு முகாமான வாயு சைனிக் முகாமில் மாதிரி வானூர்திப் போட்டிகள் நடைபெறுகின்றன. பள்ளிகளில் இன்று தூசி படிந்து கிடக்கும் பழைய மாதிரிகள் சில இவ்வழியில் வந்தவை.

அமைப்பு

இக்கட்டுரை, பால்சா மரத்தால் ஆன, சுமார் 2 மீட்டர் இறக்கை அகலமுள்ள, சுக்கானும் உயர்த்தியும் மட்டும் கொண்ட மாதிரியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அதன் முதன்மைப் பாகங்கள் பின்வருமாறு:

- இறக்கை: முன்விளிம்பு, பின்விளிம்பு, குறுக்கே நிற்கும் விலாக்கள், நீளவாக்கில் ஓடும் நடுச்சட்டம் ஆகியவற்றால் ஆனது.
- உடற்பகுதி: மூக்கில் மின்கலமும், அதன் பின்னே ஏற்பியும் செர்வோக்களும் இருக்கும்.
- சுக்கான்: நிமிர்ந்த வாலில் உள்ளது, மூக்கை இடம் வலமாகத் திருப்பும்.
- உயர்த்தி: கிடைவாலில் உள்ளது; மூக்கை ஏற்றும், இறக்கும்.
- இழுகொக்கி: கயிற்றில் இழுத்து ஏற்றுவதற்காக வயிற்றுப் பகுதியில் உள்ள கொக்கி.

இவ்வகை மாதிரியில் இறக்கையின் இரு நுனிகளும் மேல்நோக்கி உயர்ந்திருக்கும். சுக்கான் மூக்கை இடப்பக்கம் திருப்பும்போது வல இறக்கை சற்று முன்னே வரும். மேல்நோக்கிய கோணத்தின் காரணமாக அந்த இறக்கைக்குக் காற்று கூடுதலான கோணத்தில் படும், அது உயரும். கிளைடர் இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். தனியாகச் சாய்வுத் தட்டுகள் இல்லாமலேயே இது திரும்புவது இப்படித்தான். ஆகவே இறக்கையின் நுனிக் கோணங்கள் இரண்டும் ஒன்றுபோல் இருப்பது அழகுக்காக மட்டுமன்று.

முதல் ஆய்வு

எதையும் பிரிக்கும் முன் மாதிரியை எடை போட்டு, இப்போதைய ஈர்ப்பு மையம் எங்கே உள்ளது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்து வைப்பது நல்லது. முதலில் கட்டியவர் பென்சிலால் எழுதிய கோடு, தேதி, ஈயம் வைத்த இடம் ஆகியவை பல நேரங்களில் தொலைந்துபோன வரைபடத்தின் வேலையைச் செய்யும். அவற்றை அழிக்கக் கூடாது.

பின்னர்க் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

- உளுத்தல்: ஊசித் துளைகளும், தட்டினால் உதிரும் மாவும் பூச்சியின் அடையாளம். நடுச்சட்டம் உளுத்திருந்தால் அதை முழுமையாக மாற்ற வேண்டும்.
- பசை: ஒவ்வொரு மூட்டையும் இரு விரல்களால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பழைய பசை கண்ணாடிபோல் நொறுங்கும். மரம் நன்றாக இருந்தும் மூட்டு பிரிவதற்கு இதுவே காரணம்.
- நடு இணைப்பு: இரு இறக்கைப் பாதிகளும் சேரும் இடம். கயிற்றில் இழுக்கும்போது அதிகச் சுமை தாங்குவது இவ்விடமே.
- கீல்கள்: சுக்கானையும் உயர்த்தியையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கீல்கள் காலப்போக்கில் உடையும்.
- இழுகொக்கியும் கம்பிகளும்: துரு இருந்தால் மாற்ற வேண்டும்.
- நுரைப்பஞ்சு: ஏற்பியைச் சுற்றியிருந்த பஞ்சு பிசுபிசுப்பாக உருகியிருந்தால் அகற்ற வேண்டும்.

இறக்கையின் வலிமையை அறிய எளிய சோதனை உண்டு. இறக்கையின் இரு நுனிகளையும் மெத்தென்ற தாங்கிகளின் மேல் வைத்து, உடற்பகுதியின் நடுவில் கையால் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். சீராக வளைந்து திரும்பினால் நல்லது. 'டிக்' என்ற ஒலி கேட்டால் அங்கே ஒரு மூட்டு விட்டுப்போயிருக்கிறது. அவ்வொலி தரையில் கேட்பது நல்லது; 100 மீட்டர் உயரத்தில் கேட்டால் பயனில்லை.

மரவேலை

பால்சா தென் அமெரிக்காவிலிருந்து வரும் மிக இலேசான மரம். ஒரு கன மீட்டர் பால்சா சராசரியாக 160 கிலோகிராம் எடை இருக்கும். தேக்கு அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே பால்சா உடைந்த இடத்தில் கையில் கிடைத்த மரத்தை வைப்பது பிழை. பால்சாவுக்குப் பால்சாவே வேண்டும்.

உடைந்த சட்டத்தை முனைக்கு முனை ஒட்டினால் நிற்காது. இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல் குறைந்தது 6 மடங்கு இருக்கட்டும். 5 மி.மீ. கனமுள்ள சட்டத்திற்கு 30 மி.மீ. நீளச் சாய்வு வேண்டும். பசை பிடிக்கும் பரப்பு கூடுவதே இதன் பயன்.

பசையைத் தேர்வதிலும் கவனம் தேவை. மர மூட்டுகளுக்கு வெள்ளைப் பசை போதும். மெதுவாகக் காய்ந்தாலும் நெகிழ்வுடன் பிடிக்கும். உடனடியாக ஒட்டும் சயனோ பசை மயிரிழை விரிசல்களுக்கு ஏற்றது. எப்பாக்சி கனமானது, நடு இணைப்பு, இழுகொக்கி ஆகிய சுமை தாங்கும் இடங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

நடு இணைப்பின் மேல் மெல்லிய துணியைச் சுற்றிப் பசை பூசுவது பழைய வழக்கம். கண்ணாடியிழைத் துணி இதற்குச் சிறந்தது. அது கிடைக்காதபோது மருத்துவக் கட்டுத்துணியும் உதவும். இராசபாளையம் வட்டாரத்தில் சத்திரப்பட்டி இத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். துணியின் வலை வழியே பசை இறங்கி மரத்தைப் பிடிக்க வேண்டும். மிகுந்த பசையை அட்டையால் வழித்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 700 மி.மீ. பின்னால் உள்ளது, மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 280 மி.மீ. முன்னால் உள்ளது என்று கொள்வோம். வாலைப் பழுது பார்க்கும்போது 10 கிராம் பசையும் மரமும் கூடினால், அதை ஈடுசெய்ய மூக்கில் 10 × 700 ÷ 280 = 25 கிராம் ஈயம் வேண்டும். ஆக மொத்தம் கூடிய எடை 35 கிராம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மூக்கில் தாராளமாகவும் வாலில் கஞ்சத்தனமாகவும் பழுது பார்க்கிறார்கள்.

போர்வை

பழைய மாதிரிகளின் இறக்கைகள் மெல்லிய தாள் அல்லது பட்டுத்துணியால் போர்த்தப்பட்டு, 'டோப்' என்னும் மெருகுநெய் பூசப்பட்டவை. பிற்காலத்தவை சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் படலத்தால் போர்த்தப்பட்டவை. படலம் தளர்ந்திருந்தால் மட்டும் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து மெல்லத் தடவினால் இறுகும். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். படலம் கைபட்டாலே கிழிந்தால் முழுவதையும் மாற்றுவதே முறை.

உரித்த பின் எலும்புக்கூடாக நிற்கும் இறக்கையை ஆய்வது எளிது. பழுதுகளை எல்லாம் அப்போதே முடித்துவிட வேண்டும். புதுப் படலத்தை ஒட்டும்போது இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் சமதளப் பலகையில் வைத்து, மேலும் கீழும் மாறி மாறிச் சூடு காட்ட வேண்டும். முடிந்ததும் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். இரு நுனிகளிலும் பின்விளிம்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டும் சற்று மேல்நோக்கி இருந்தால் கெடுதல் இல்லை. நுனியின் பின்விளிம்பு கீழ்நோக்கி முறுகியிருந்தால் அந்தப் பக்கம் முதலில் தூக்குவிசையை இழந்து கிளைடர் சுழன்று விழும். முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துச் சூடு காட்டிச் சரிசெய்யலாம்.

வானொலிக் கருவிகளும் மின்கலமும்

பழைய மாதிரியில் நம்பத் தகாத பகுதி இதுவே. நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் நெடுநாள் கிடந்தால் கசியும். கசிவு எதிர்மின்வாய்க் கம்பியின் செம்பை அரித்துக் கறுப்பாக்கும். அரிப்பு கம்பிக்குள்ளாகவே ஊர்ந்து சுவிட்சு வரையும் ஏற்பி வரையும் செல்லக் கூடும். கம்பியின் உறையைச் சிறிது சீவிப் பார்த்து, உள்ளே செம்பு பளபளக்காமல் கறுத்திருந்தால் கம்பியையும் சுவிட்சையும் சேர்த்து மாற்ற வேண்டும். கறுத்த கம்பியில் ஈயப்பற்று ஒட்டாது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் பழைய மின்கலத்தைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஏற்பிக்கு 4 நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்கள் பொருத்தமானவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் வீதம் மொத்தம் 4.8 வோல்ட் கிடைக்கும். புதிய மின்கலத்தையும் சுமையில் சோதிக்க வேண்டும். 2000 மில்லி ஆம்பியர் மணி என எழுதப்பட்ட மின்கலம் 500 மில்லி ஆம்பியர் சுமையில் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்க வேண்டும். 2 மணி நேரத்தில் தீர்ந்தால் அது வீட்டு டார்ச்சுக்குப் போகட்டும்.

பழைய கருவிகள் 27, 35, 40, 72 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கியவை. இவற்றுள் 35 ஐரோப்பாவிலும் 72 அமெரிக்காவிலும் மாதிரி வானூர்திகளுக்கென ஒதுக்கப்பட்டவை. ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் இருவர் மாதிரியும் கட்டுப்பாட்டை இழக்கும். இன்றைய 2.4 கிகா ஹெர்ட்ஸ் கருவிகளில் இச்சிக்கல் இல்லை. இந்தியாவில் குறைந்த திறனில் அவற்றைப் பயன்படுத்தத் தனி உரிமம் தேவையில்லை. எனவே பழைய கருவியை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, பறப்பதற்குப் புதியதைப் பொருத்துவதே முறை.

பழைய செர்வோக்களைப் புதிய ஏற்பியில் நேராகச் செருகக் கூடாது. சில பழைய கருவிகளின் செருகிகளில் கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும்; மாறிப் போனால் கருகிவிடும். செர்வோவையும் மாற்றும்போது எடை குறையும். சுமார் 45 கிராம் எடையுள்ள இரு பழைய செர்வோக்களுக்குப் பதில் 9 கிராம் எடையுள்ள இரண்டை வைத்தால் 72 கிராம் மிச்சம். ஆனால் அவை ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தவை என்பதால் மாதிரி பின்கனமாகிவிடும். மிச்சமான எடையில் ஒரு பகுதி மூக்கில் ஈயமாகத் திரும்பி வரும்.

பொருத்தி முடித்ததும் தொலைவுச் சோதனை செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டரைக் குறை திறனில் வைத்து, சுமார் 30 எட்டு தள்ளி நின்று இயக்கும்போது செர்வோக்கள் நடுங்காமல் அசைய வேண்டும்.

ஈர்ப்பு மையம்

இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலுள்ள அகலம் நாண் எனப்படும். வரைபடம் இருந்தால் அதில் குறித்த இடமே ஈர்ப்பு மையம். இல்லையெனில் சராசரி நாணின் 33 விழுக்காட்டில் தொடங்குவது பாதுகாப்பானது. நாண் 210 மி.மீ. என்றால் முன்விளிம்பிலிருந்து 69 மி.மீ. பின்னால் குறியிட வேண்டும். மின்கலம் உட்பட எல்லாவற்றையும் பொருத்தி, இரு விரல் நுனிகளைக் குறியின் கீழ் வைத்துத் தூக்க வேண்டும். மாதிரி கிடையாக நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் நெம்புகோல் விதியைப் பயன்படுத்த வேண்டும். 750 கிராம் எடையுள்ள மாதிரி, குறிக்கு 12 மி.மீ. பின்னால் சமநிலை கொள்கிறது. மூக்கில் ஈயம் வைக்கும் இடம் குறிக்கு 280 மி.மீ. முன்னால் உள்ளது.

தேவைப்படும் ஈயம் = 750 × 12 ÷ 280 = ஏறத்தாழ 32 கிராம்.

ஈயத்தைத் தேடும் முன் மின்கலத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும். 100 கிராம் மின்கலத்தை 90 மி.மீ. முன்னே தள்ளினால் 100 × 90 = 9000; 750 × 12 என்பதும் 9000. ஒரு கிராம்கூடக் கூடாமல் அதே சமநிலை கிடைக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய இக்கணக்கு, மாதிரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பக்கச் சமநிலையையும் பார்க்க வேண்டும். மூக்கையும் வாலையும் விரலில் தாங்கினால் எந்த இறக்கையும் இறங்கக் கூடாது. இறங்கினால் எதிர் நுனியில் சில கிராம் எடை ஒட்டலாம்.

கோணங்களும் அசைவளவும்

இறக்கை, கிடைவாலைவிட ஏறத்தாழ 2 முதல் 3 பாகை வரை நிமிர்ந்திருப்பது இவ்வகை மாதிரிகளின் வழக்கம். பழுது பார்த்தபோது வால் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தால் இவ்வேறுபாடு கெட்டிருக்கும். மாதிரியை மேசையில் நிறுத்தி, முன்விளிம்பு, பின்விளிம்பு ஆகியவற்றின் உயரங்களை அளந்தால் தெரிந்துவிடும்.

உயர்த்தி மேலும் கீழும் 8 முதல் 10 பாகை வரை அசைந்தால் போதும். 30 மி.மீ. அகலமுள்ள உயர்த்திக்கு 10 பாகை என்பது பின்விளிம்பில் ஏறத்தாழ 5 மி.மீ. ஆகும். சுக்கானுக்கு ஒவ்வொரு பக்கமும் 25 பாகை வேண்டும். 60 மி.மீ. அகலச் சுக்கானில் இது ஏறத்தாழ 25 மி.மீ. ஆகும். கம்பிகள் உரசாமலும் ஆடாமலும் இருக்க வேண்டும். சுக்கான் எந்தப் பக்கம் அசைகிறது என்பதை, மாதிரியின் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் பார்க்க வேண்டும். இடத்தைத் தள்ளினால் சுக்கான் இடப்பக்கம் போக வேண்டும். குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் உயர்த்தி மேலே எழ வேண்டும்.

முதல் பறத்தல்

காற்று ஓய்ந்த காலை வேளையில், புல் அல்லது மிருதுவான மண் உள்ள இடத்தில், காற்றை எதிர்நோக்கி நின்று, இறக்கையைக் கிடையாகப் பிடித்து, தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கி ஈட்டிபோல் நேராகத் தள்ளிவிட வேண்டும். மேல்நோக்கி எறியக் கூடாது. நன்கு சீரான மாதிரி, தோளுயரத்திலிருந்து 20 மீட்டர் அளவு சென்று மெல்லத் தரை தொடும்.

- மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, தொப்பென்று விழுந்தால்: பின்கனம் அல்லது உயர்த்தி மேலே உள்ளது.
- செங்குத்தாக மண்ணை நோக்கிப் போனால்: முன்கனம் அல்லது உயர்த்தி கீழே உள்ளது.
- ஒரு பக்கமே திரும்பினால்: இறக்கை முறுக்கு அல்லது சுக்கான் நடுவில் இல்லை.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பயன்தந்தது என்பது தெரியாது.

கையெறிதல் சரியான பின்னரே ரப்பர் கயிற்றால் ஏற்ற வேண்டும். பொதுவான அளவில் இது சுமார் 30 மீட்டர் ரப்பர் குழாயும் 120 மீட்டர் நூலும் கொண்டது. முதல் நாளில் பாதி நீளமே போதும். இழுகொக்கி ஈர்ப்பு மையத்துக்கு 10 முதல் 15 மி.மீ. வரை முன்னால் இருக்கட்டும். பின்னால் இருந்தால் மாதிரி கயிற்றிலேயே பக்கவாட்டில் புரண்டு விழும்.

உயரத்தில் ஈர்ப்பு மையத்தை நுணுக்கமாகச் சோதிக்கலாம். மாதிரி நேராகச் செல்லும்போது மூக்கைச் சுமார் 30 பாகை கீழே இறக்கி, குச்சியை விட்டுவிட வேண்டும். தானாக மெல்ல மெல்ல நிமிர்ந்தால் சரி. வெடுக்கென்று நிமிர்ந்தால் முன்கனம். முன்கனத்தை உயர்த்தி தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூக்கு மேலும் மேலும் கீழே போனால் பின்கனம். உடனே மீட்டு இறக்கி ஈயம் சேர்க்க வேண்டும்.

இடமும் காற்றும்: சோழபுரம் வட்டாரம்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஊர்களுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலைச்சரிவில் மோதி எழும் காற்றில் கிளைடரை நெடுநேரம் பறக்கவிடலாம் என்று நூல்கள் கூறும். அது காற்று மோதும் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வருகிறது. சோழபுரம் உள்ளிட்ட கீழ்ப்பக்க ஊர்களில் அது இறங்கும் காற்றாகவும் சுழல் காற்றாகவுமே வரும். ஆனி முதல் ஆவணி வரையான மாதங்களில் பழைய மாதிரியை இங்கே பறக்கவிடுவது உடைப்பதற்குச் சமம். அம்மாதங்கள் பழுது பார்ப்பதற்கு உரியவை.

தை முதல் பங்குனி வரை காலைப் பொழுது ஏற்றது. மழை முடிந்து அறுவடையான வயலும், நீர் வற்றிய கண்மாயின் உட்பகுதியும் நல்ல களங்கள். மண் காய்ந்திருக்கிறதா, சீமைக் கருவேல முள் கிடக்கிறதா, அருகில் மின்கம்பி போகிறதா என்று நடந்து பார்த்த பின்னரே பறக்கவிட வேண்டும். வயலுக்கு உரியவரிடம் கேட்பதும் முறை. வெயில் ஏறியதும் கரிசல் நிலம் சூடாகி வெப்பக் காற்று எழும். பருந்தும் கருடனும் சிறகடிக்காமல் வட்டமிடும் இடமே அதற்கு அடையாளம். அந்த வட்டத்துக்குள் கிளைடரைக் கொண்டுசென்றால் அதுவும் ஏறும். இவ்வகை மாதிரி அமைதியான காற்றில் நொடிக்கு சுமார் அரை மீட்டர் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து 3 நிமிடத்துக்கு மேல் பறக்கலாம். வெப்பக் காற்று கிடைத்தால் அதைவிட நெடுநேரம் நிற்கும்.

விதிகளும் பாதுகாப்பும்

இந்தியாவில் ஆளில்லா வானூர்திகளுக்கு 2021 ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் கண்பார்வைத் தொலைவுக்குள் பறக்கும் மாதிரிகளை இவ்விதிகள் தனி வகையாகக் கருதுகின்றன. வணிக நோக்கமின்றி 2 கிலோகிராம் வரை எடையுள்ளவற்றை இயக்க இயக்குநர் உரிமம் தேவையில்லை. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தில் பச்சைப் பகுதியாக உள்ள இடத்தில் பொதுவாக 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். பதிவு குறித்த நடைமுறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1988 இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் இன்று திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். மலையடிவாரக் காட்டுக்குள் மாதிரி எதையும் பறக்கவிடக் கூடாது.

750 கிராம் மாதிரி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தலையில் பட்டால் காயம் பெரிதாக இருக்கும். சிறுவர்கள் கூடும் இடமாதலால் பார்வையாளர்களை ஏற்றும் கயிற்றின் வரிசையிலிருந்து விலக்கி, இயக்குபவரின் பின்னால் நிறுத்த வேண்டும்.

பறக்கவிடக் கூடாதவை

சீரமைத்த எல்லா மாதிரிகளும் பறக்க வேண்டும் என்பதில்லை. நடுச்சட்டம் உளுத்து மாற்ற இயலாதவை, அழுத்தச் சோதனையில் மீண்டும் மீண்டும் ஒலி எழுப்புபவை, ஈயம் சேர்த்த பின் பழைய எடையைவிட நான்கில் ஒரு பங்கு கூடிவிட்டவை ஆகியவற்றைச் சுவரில் மாட்டுவதே நல்லது. அவற்றிலிருந்து வரைபடம் எடுத்து, அதே வடிவில் புதியது ஒன்றைக் கட்டலாம். பழையது பாடமாக நிற்கும், புதியது பறக்கும்.

பேணுதல்

பறத்தல் முடிந்ததும் மின்கலத்தை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இறக்கைகளை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் தட்டையாக வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் முறுகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் படலம் தளரும். உடற்பகுதியின் உள்ளே ஒரு சிறு தாளில் எடை, ஈர்ப்பு மையம், அசைவளவு, மாற்றிய பாகங்கள், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி வைக்க வேண்டும். இன்னும் 30 ஆண்டுகள் கழித்து அதை அலமாரியிலிருந்து எடுப்பவருக்கு அத்தாளே ஆசிரியர்.